வீட்டுக்குப் பழைய மடிக்கணினி வாங்கப் போறீங்களா? முதலில் இந்த எண்ணைப் பாருங்க

பிள்ளையின் வீட்டுப்பாடம், வங்கி வேலை, அம்மாவின் வீடியோ அழைப்பு... இதற்குப் பழைய மடிக்கணினியே போதுமே என்று யோசிக்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்க.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி ஓடும். ஆனால் வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் வராது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அது ஆபத்து.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே?

எல்லாவற்றிலும் முடியாது. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் செயலியாவது இருக்கவேண்டும். "ஐ7, ரொம்ப ஃபாஸ்ட்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். ஐ7-க்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் 7ஆம் தலைமுறை, 8550 என்றால் 8ஆம் தலைமுறை.

நினைவகம் எவ்வளவு?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி. நடைமுறையில் அது திணறும். 8 ஜிபி-யாவது வாங்குங்கள், 16 என்றால் நிம்மதி. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் பிறகு கூட்டமுடியாது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி-தான்.

பழுதானால்?

சிங்கப்பூரின் 'லெமன்' சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், பொதுவாக அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க! இணையத்தில் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

குறைந்த வருமானக் குடும்பமா? கடைக்குப் போகும் முன் ஐஎம்டிஏ-வின் 'டிஜிட்டல் ஆக்ஸஸ் அட் ஹோம்' திட்டத்தைப் பாருங்கள். தகுதிபெறுவோருக்கு மடிக்கணினியும் இணையச் சேவையும் சலுகை விலையில் கிடைக்கும்.