மீன் கெடும்போது காற்றில் கலப்பவை

பிடித்தவுடனே கடல்மீனுக்குக் கவிச்சி வாடை இருப்பதில்லை. கடல்நீரின் உப்பையும் ஆழத்தின் அழுத்தத்தையும் தாங்க, கடல்மீன்கள் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு வாடையே கிடையாது. மீன் செத்தபின் ஷெவனெல்லா, ஃபோட்டோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் அதில் பெருகுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் அவை இந்தப் பொருளைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது மிஞ்சும் டிரைமெத்திலமைன்தான் நம் மூக்கில் ஏறும் கவிச்சி. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் உடைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். சுறாவின் உடலில் யூரியா அதிகம் என்பதால், நாள்பட்ட சுறாவில் அம்மோனியா நெடி அடிக்கும்.

டிரைமெத்திலமைன் காரத்தன்மை உடையது. புளியோ எலுமிச்சைச் சாறோ பட்டால் உப்பாக மாறி அங்கேயே தங்கிவிடும், காற்றில் ஏறாது. மீன் குழம்பில் புளி செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஆய்வகத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். மீன் சாற்றில் காரம் சேர்த்து, நீராவி விட்டு அமைன்களையும் அம்மோனியாவையும் வெளியேற்றி, அமிலத்தில் பிடித்து அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சில மீன் வகைகளுக்கு, 100 கிராம் சதையில் 25 முதல் 35 மில்லிகிராம் நைட்ரஜன் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. நம்பகமான முறைதான். ஆனால் மீனை அரைத்துச் சாறு எடுத்தாக வேண்டும். கூடை கூடையாக இறங்கும் மீன்பிடித் துறைமுகத்தில் அதற்கு நேரம் ஏது?

மீனைத் தொடாமல் அதன் மேலுள்ள காற்றை மட்டும் சோதிப்பது மின்னணு மூக்கு. 1982இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதன் அடிப்படையை வெளியிட்டார்கள். வெள்ளீய ஆக்சைடு உணரி ஒன்றைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை உயரும். அமைனோ ஆல்கஹாலோ வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். வந்தது எந்த வாயு என்று ஓர் உணரியால் சொல்ல முடியாது. பல வாயுக்களுக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அசையும் அளவு வேறுபடும் பல உணரிகளைச் சேர்த்து வைத்தாலோ, ஒவ்வொரு வாடைக்கும் தனித்தனிக் கோலம் கிடைக்கிறது. கணினி அதைத் தான் முன்பு பழகிய கோலங்களோடு ஒப்பிட்டு விடை சொல்கிறது. மூளை வாடையை அடையாளம் காண்பதும் ஏறத்தாழ இப்படித்தான்; எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இது.

பழக்குவதில்தான் சிக்கல். கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு மிகக் குறைவு. கடல்மீனை மட்டுமே காட்டிப் பழக்கிய கருவி, அழுகத் தொடங்கிய கட்லாவை நல்லது என்று விட்டுவிடக்கூடும். காற்றின் ஈரமும் உணரியின் வயதும்கூட அளவை மாற்றிவிடும்.

இதைவிடக் கவலை தருவது வாடையே இல்லாமல் வரும் கேடு. சூரை, கானாங்கெளுத்தி மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால், மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமைனாக மாற்றும். தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். ஹிஸ்டமைன் எளிதில் ஆவியாகாது. சமைத்தாலும், டின்னில் அடைத்துச் சூடாக்கினாலும் அழியாது. மீன் பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாகவே இருக்கலாம். சால்மொனெல்லாவும், நோய் உண்டாக்கும் அளவுக்கு இருந்தாலும் வாடையால் காட்டிக்கொடுக்காமல் போகலாம்.

எனவே மின்னணு மூக்கு ‘நல்லது’ என்று சொன்னதைப் பாதுகாப்புச் சான்றாகக் காட்டி விற்பது தவறு என்பேன். மீன் எவ்வளவு பழையது, ஐஸில் ஒழுங்காக இருந்ததா என்பதை அது நொடிகளிலோ நிமிடங்களிலோ ஊகித்துச் சொல்லும். ஏலக் கூடத்துக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் அதுவே பெரிய உதவி. சூரையில் ஹிஸ்டமைன் ஏறியிருக்கிறதா என்று அறிய மட்டும், ஒரு துண்டுச் சதையை வெட்டிச் சாறு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.