முதல் வகுப்பில் பாதியில் இறங்கலாம்

சென்ற மாரி காலத்தில் ஐம்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் எமது சிகிச்சை நிலையத்துக்கு ஒரு கேள்வியோடு வந்தார். "டொக்டர், மகள் என்னை லெஷர் சென்ரரில நடக்கிற சைக்கிள் வகுப்புக்குப் பதிஞ்சு விட்டிருக்கிறாள். நான் 94 கிலோ. அந்தச் சீற் என்னைத் தாங்குமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கைப்பையின் வாரை அவர் இறுகப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி அல்ல என்பது எமக்குப் புரிந்தது.

அவருக்கு ஏழு வருடமாக நீரிழிவு. பிரஷரும் உண்டு. இரண்டு முழங்கால்களிலும் தேய்வு. வரும்போதெல்லாம் நடக்கச் சொல்லி நாம் சொல்வோம், முழங்கால் நோகிறது என்று அவர் சொல்வார். இந்த உரையாடல் எமக்கிடையே பல வருடங்களாக நடந்து வந்தது. நடை முடியாதவருக்கு வேறு என்ன செய்யலாம் என்று நாம் உருப்படியாக யோசித்துச் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மகள்தான் யோசித்திருக்கிறார்.

முதலில் அவரது கேள்விக்கே வருவோம். ஜிம்களில் இருக்கும் வண்டிகளில் பல சுமார் 150 கிலோ வரை தாங்கக்கூடியவை. அளவு வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் வரவேற்பில் கேட்கலாம். அவதானமாக இருக்க வேண்டியது வீட்டுக்கு வாங்கும் மலிவான வண்டிகளில்தான். அவற்றில் 100 அல்லது 110 கிலோ என்றே எழுதியிருப்பதுண்டு. ஆக, 94 கிலோ அம்மாவை ஜிம் வண்டி தாராளமாகத் தாங்கும்.

இந்த வகுப்பைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சொல். அரை இருட்டான அறை, காதைப் பிளக்கும் பாட்டு, இருபது முப்பது சைக்கிள்கள், முன்னால் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு ஒரு பயிற்றுநர். ஒருவரும் ஓரிடமும் போகமாட்டார்கள். முப்பது முதல் அறுபது நிமிடம் வரை நின்ற இடத்திலேயே உழக்குவார்கள். தென்னாபிரிக்காவில் பிறந்த ஜொனி கோல்ட்பேர்க் என்ற சைக்கிள் வீரர் 1980களில் கலிபோர்னியாவில் தன் சொந்தப் பயிற்சிக்காக உருவாக்கிய முறை இது. 1990களில் ஷ்வின் சைக்கிள் கம்பனியுடன் சேர்ந்து உலகமெங்கும் பரவியது. பலர் பேச்சுவழக்கில் சொல்லும் 'ஸ்பின்னிங்' என்பது உண்மையில் பதிவுசெய்யப்பட்ட வர்த்தகப் பெயர்.

உடல் பருத்த ஒருவருக்கு இது ஏன் நல்லது? நடக்கும்போது முழங்கால் ஒவ்வொரு அடியிலும் உடல் நிறையைச் சுமக்கிறது. சைக்கிளில் நிறையின் பெரும்பகுதியைச் சீற் சுமந்துகொள்ள, முழங்கால் சுதந்திரமாக மடங்கி நிமிர்கிறது. தேய்ந்த மூட்டுக்கு இப்படியான அசைவு நல்லது. மேலும் வெளியே பனி, மழை, இருட்டு என்ற சாட்டுகளும் இங்கே எடுபடா.

"நான் அப்படியொன்றும் குண்டு இல்லையே" என்று வாசித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. தென்னாசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு பி.எம்.ஐ. 23 ஆனாலே அதிக நிறை, 27.5 ஆனால் உடற்பருமன் என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டல் கூறுகிறது. வெள்ளையருக்கு இந்த எல்லைகள் 25, 30. ஐந்தடி மூன்று அங்குலம், அதாவது 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 71 கிலோவிலேயே அந்த இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறார். எமது கல்யாண வீடுகளில் 71 கிலோக்காரரை எல்லோரும் "மெலிஞ்சு போனாய்" என்றுதான் விசாரிப்பார்கள்.

இனி ஆபத்துக்கு வருவோம். சைக்கிள் எமக்குப் புதிதல்ல என்பதிலேயே அது தொடங்குகிறது.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை வந்த காலத்தில் வைத்தியரும் சைக்கிளில்தான் போனார், மணமகனும் சைக்கிளில்தான் போனார். நோயாளியைக் கரியரில் இருத்தி, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு உழக்கி வந்தவர்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட நமக்கு, ஓடாத சைக்கிளில் இருந்து உழக்குவது ஒரு வேலையா என்ற எண்ணம் வருவது இயல்பு. எமக்கும் வந்தது. அந்த அம்மாவுக்கு ஆலோசனை சொல்வதற்கு முன் நாமே ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை போனோம்.

ஊர்ச் சைக்கிளில் களைத்தால் உழக்குவதை நிறுத்தலாம். பிறீவீல் இருப்பதால் கால் நின்றாலும் சில்லு தன்பாட்டில் ஓடும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. முன்னால் இருக்கும் பாரமான இரும்புச் சில்லு, சிலவற்றில் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும், பெடலோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டுள்ளது. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் நீங்கள் நிறுத்தினாலும் அது நிற்காது, உங்கள் காலையும் இழுத்துக்கொண்டு சுற்றும். எமக்கு இது தெரியாது. களைத்துக் காலை நிறுத்தப் பார்த்தபோது வண்டி எம்மை உழக்கியது! நடுவில் இருக்கும் குமிழை வலப்பக்கம் திருகினால் பாரம் கூடும், அதையே கீழே அமத்தினால் சில்லு நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் அதுதான் பிறேக். ஏறி இருந்ததும் முதலில் பழக வேண்டியது அந்த அமத்தலைத்தான்.

பயிற்றுநர் "கூட்டுங்கள், கூட்டுங்கள்" என்று சத்தமிட நாமும் கூட்டினோம். பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பிள்ளை எழுந்து நின்று உழக்க நாமும் எழுந்தோம். நாற்பத்தைந்து நிமிடம் முழுவதும் இருந்துவிட்டோம் என்ற பெருமை அடுத்த நாள் காலை வரைதான். படியிறங்குவதற்குக் கைபிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது, தப்பினோம்.

எல்லோரும் தப்புவதில்லை. பழக்கமில்லாத தொடைத் தசையை ஒரேயடியாக வருத்தினால் தசை நார்கள் சிதைந்து, அவற்றுள் இருக்கும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். வைத்தியத்தில் இதை ரப்டோமயோலிசிஸ் என்பார்கள். முதலாவது உள்ளரங்கச் சைக்கிள் வகுப்புக்குப் போய்விட்டு இந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பற்றி 2017இல் 'அமெரிக்கன் ஜேர்னல் ஒப் மெடிசின்' சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. பருமனானவருக்கு மட்டும் இது வருவதில்லை, உரமான இளைஞருக்கும் வரும். வகுப்புக்குப் பின் வரும் ஒன்று முதல் மூன்று நாளில் தொடை வீங்கி, தாங்க முடியாத நோவும் பலவீனமும் இருந்தால், அல்லது சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். ஐபுபுரோஃபென், டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்கு மேலும் கெடுதல் செய்யும். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எந்த வகுப்புக்குப் போனீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது அரிதாகவே நடப்பது. பயந்து வீட்டில் இருப்பதற்காக இதை எழுதவில்லை. முதல் வகுப்பில் யாரோடும் போட்டி போடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

அந்த அம்மாவுக்கு நாம் சொன்னது இதுதான். முதல் நாள் பதினைந்து நிமிடம் முந்திப் போய், "நான் புதிது, முழங்கால் தேய்வு இருக்கிறது, இடையில் இறங்குவேன்" என்று பயிற்றுநரிடம் சொல்லுங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓரமான வண்டியைக் கேளுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் மட்டும் இருங்கள். எழுந்து நிற்கச் சொன்னாலும் எழும்ப வேண்டாம், முதல் சில கிழமைகளுக்கு இருந்தபடியே உழக்குங்கள். அதற்காகப் பாரத்தை அடியோடு குறைத்துவிடவும் வேண்டாம். பாரமே இல்லாமல் வேகமாகச் சுற்றினால் சீற்றில் துள்ளத் தொடங்குவீர்கள். சமதரையில் காற்றை எதிர்த்து ஓடுவதுபோல் ஒரு சிறு பிடிப்பு இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வசனம் முழுதாகக் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். கதைக்க முடிந்தால் சரியான அளவு, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கூடிவிட்டது. அட்டெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற குளுசை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழமையான அளவுக்குக் கூடாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் இலக்கத்தை நம்புவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையே மேல்.

வண்டியைச் சரியாக்குவது மிக முக்கியம். பக்கத்தில் நின்று பார்த்தால் சீற் உங்கள் இடுப்பெலும்பு மட்டத்தில் இருக்க வேண்டும். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கட்டும். சீற் பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். அந்த நோவோடு பலர் "எனக்கு சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். வயிறு பெரிதாக உள்ளவர்கள் ஹாண்டிலைச் சீற்றைவிட உயர்த்தி வைக்க வேண்டும். இதைப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் குனிந்து இருந்தால் ஒவ்வொரு உழக்குக்கும் தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு அடைக்கும், நாரியும் பிடிக்கும். நிமிர்ந்து இருந்தால் பாதிக் களைப்பு குறையும்.

நீரிழிவுக்காரருக்குத் தனியாக ஒரு பந்தி. மெற்ஃபோர்மின் மட்டும் எடுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. கிளிக்ளசைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். எமது அம்மா மூன்றாம் கிழமை மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஆனால் கிளிக்ளசைட்டை விடாமல் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் வியர்த்து, கை நடுங்கியிருக்கிறது. உழக்கினால் வியர்க்கும்தானே என்று நினைத்துக் கார்ப் பார்க்குக்குப் போய்விட்டார். நல்ல காலம், மகள் மீற்றரை எடுத்துக் குத்திப் பார்த்தார்: 3.4. பயிற்சியின் வியர்வையையும் சீனி இறங்கும் வியர்வையையும் தோலைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. இந்த மருந்துகள் எடுப்பவர்கள் தொடங்கும் முன் சோதியுங்கள், 5க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். பையில் குளுக்கோஸ் குளுசை இருக்கட்டும். காரை எடுக்கும் முன் மறுபடி சோதியுங்கள். அன்றிரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். மருந்தின் அளவை உங்கள் வைத்தியரோடு கதைத்து மாற்றுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். கண்ணில் நீரிழிவுப் பாதிப்பு முற்றி, லேசர் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் கண் வைத்தியரைக் கேட்காமல் கடும் பயிற்சிக்குப் போகக்கூடாது. காலில் விறைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுபவர்கள், மயங்கி விழுந்தவர்கள், காரணமில்லாமல் இளைப்பவர்கள் வகுப்புக்கு முன் வைத்தியரிடம் வர வேண்டும். நம்மவர்கள் நெஞ்சு எரிவை "காஸ்" என்று சோடா குடித்துச் சமாளிப்பார்கள். உழக்கும்போது வந்து, இறங்கினால் மறையும் எரிவு காஸ் அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியும் மறையாவிட்டால் 999.

நிறை குறையுமா? குறையும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. ஒரு வகுப்பில் எரிக்கும் சக்தியில் பெரும்பகுதியை வழியில் வாங்கும் இரண்டு மட்டன் ரோல்ஸ் திருப்பித் தந்துவிடும். தராசை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாம் மாதத்தில் மனம் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். நிறை அசையாதபோதும் பிரஷர் இறங்கும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும். இந்த இரண்டாவது பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடும் என்பதால், சனிக்கிழமை ஒருநாள் மாய்வதைவிட இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது பயன். மற்ற நாட்களில் வகுப்பு இல்லாத நேரம் அதே ஜிம்மில் தனியாக உழக்கலாம்.

வெட்கம் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பார்ப்பார்கள் என்பதுதான் எம்மிடம் வரும் பெண்கள் அதிகம் சொல்லும் காரணம். அறை அரை இருட்டு, எல்லோரும் தங்கள் மூச்சைப் பிடிக்கப் படும் பாட்டில் மற்றவரைப் பார்ப்பதற்கு நேரம் இல்லை. அதுவும் போதாதென்றால் சில நகரசபை லெஷர் சென்ரர்களில் பெண்களுக்கு மட்டுமான நேரங்கள் உண்டு. நீரிழிவு, பிரஷர் போன்றவை உள்ளவர்களை வைத்தியர் அனுப்பிவைக்கும் குறைந்த கட்டணத் திட்டங்களும் சில இடங்களில் இருக்கின்றன. உங்கள் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள். உடுப்பு எதுவும் போடலாம், ஆனால் அகலமான சல்வார் காலும் தொங்கும் துப்பட்டாவும் பெடலில் சிக்கும்.

அந்த அம்மா முதல் வகுப்பில் பதினெட்டாவது நிமிடத்தில் இறங்கினார். பயிற்றுநர் கைகாட்டி வழியனுப்பினாராம். இரண்டாவது வகுப்பில் இருபத்தைந்து. முழு வகுப்பும் இருந்தது ஒன்பதாம் கிழமையில். ஐந்து மாதத்தில் 94 கிலோ 90 ஆகியிருக்கிறது. எச்.பி.ஏ.1.சி 68இலிருந்து 59. கிளிக்ளசைட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம்.

போன கிழமை மறுபடி வந்தார், மறுபடி சீற் பற்றித்தான் கேள்வி. "இருக்கிற இடம் இன்னும் நோகுது டொக்டர். கடையில ஜெல் வைச்ச சீற் உறை விக்கிறாங்கள், வாங்கட்டோ?" வேண்டாம் என்றோம். தடித்த உறை வழுக்கும், தொடையை உரசும், அந்த உரசலில் நீரிழிவுக்காரருக்குத் தோலில் பங்கசு வரும். அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்றை வாங்கி உள்ளே போடச் சொன்னோம். மரத்துப்போகும் உணர்வு இருந்தால் சீற்றின் முன்முனையை ஒரு மட்டம் பதிக்கச் சொன்னோம். காற்சட்டையின் அளவைக் கேட்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்தபடியே வெளியே போனார்.