பெருமாளுக்கும் கஷாயம்!

வையம்பட்டிக்காரர் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணப்பாறையைத் தாண்டி, திண்டுக்கல் ரயில் பாதையில் உள்ள ஊர் அது. காவிரியில் ஒரு முழுக்கு. பிறகு அரங்கன் சேவை, தாயார் சேவை. வீட்டில் யாருக்காவது நோய்நொடி என்றால் தன்வந்திரி சந்நிதியிலும் சற்று நேரம் கைகூப்பி நிற்பார். ஒரு கையில் அமுத கலசம், இன்னொரு கையில் அட்டைப்பூச்சி! கெட்ட இரத்தத்தை உறிஞ்சி எடுக்க அந்நாளைய வைத்தியர்கள் அட்டையைத்தான் விட்டார்கள்.

இந்தச் சந்நிதிக்கு ஒரு பழைய ஆஸ்பத்திரியின் கதை உண்டு.

ஒரு நாள் அரங்கனின் திருமுகம் வாடியிருப்பதைக் கண்டாராம் ராமானுஜர். விசாரித்தால், நாவல் பழமும் தயிரன்னமும் சேர்ந்து பெருமாளுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டதாம்! உடனே கருடவாகன பண்டிதரை அழைத்துக் கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்பது கோயில் வழக்கில் உள்ள கதை. தெய்வத்துக்கே பத்தியம் பார்த்த ஊர், மனிதர்களை விட்டுவிடுமா?

விடவில்லை. ஹொய்சள மன்னன் ராமநாதன் காலத்தில், 1257ல், கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. பொறுப்பு, கருடவாகனர் என்ற பெயர் தாங்கிய வைத்தியரிடம். ஆனால் 1311லும் 1323லும் டில்லிப் படைகள் வந்தன. நம்பெருமாள் ஊர் ஊராகப் போய் மறைந்திருந்து, 1371ல்தான் திரும்பினார். ஆரோக்கியசாலை அதற்குப் பிறகும் பாழாகவே கிடந்தது. 1493ல் ஸ்ரீநிவாசர் என்ற இன்னொரு கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரிப் பெருமாளையும் பிரதிஷ்டை செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. தெய்வம் திரும்பி 122 வருஷம் கழித்தே வைத்தியம் திரும்பியிருக்கிறது!

அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில் உள்ளே என்ன நடந்தது? அதற்கு ஸ்ரீரங்கத்தை விட்டு, காஞ்சிபுரத்துப் பக்கம் பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். அங்கே பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டின் வரவு செலவுக் கணக்கே இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலம். ஆஸ்பத்திரிக்கு 'வீரசோழன்' என்று பெயர். படுக்கைகள் 15. நோயாளி ஒருவருக்குத் தினம் ஒரு நாழி அரிசி. ராத்திரி முழுவதும் எரிய ஒரு விளக்கு.

வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. கத்தி எடுத்துச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம்தான்! இன்றைய சர்ஜன்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மருந்து காய்ச்சி, நோயாளிகளைக் கவனித்த இரண்டு பெண்களுக்குச் சேர்த்து 30 கலம், ஒரு காசு. நாவிதருக்கு 15 கலம்.

மருந்துப் பட்டியலையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். கடுக்காய் சேர்ந்த மருந்துகளே பலவகை. பூண்டு சேர்ந்த விளக்கெண்ணெய்த் தைலம், வில்வ நெய், கல்யாண லவணம் என்ற உப்பு, வருஷக்கணக்கில் பழசான நெய்! பாதி மருந்துகள் சமையல் கட்டைத் தாண்டாதவை. கோயில் மடைப்பள்ளிக்கும் மருந்து அறைக்கும் அந்நாளில் தூரம் அதிகமில்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். பாரிஸ் நகரில் நோத்ர தாம் மாதா கோவிலுக்குப் பக்கத்திலேயே 'கடவுளின் இல்லம்' என்ற பெயரில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அங்கே ஒரே கட்டிலில் இரண்டு பேர், மூன்று பேர் கிடந்தார்கள்.

சரி, திருமுக்கூடலின் 15 படுக்கைகளில் யார் படுத்தார்கள்? அங்கே வேதம் படித்த மாணவர்களும் கோயில் பணியாளர்களும்தான். தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் வைத்தியத்துக்கு நிலம் விட்ட ஆதுலர் சாலையும் இருந்தது. ஆனால் கோயில் ஊர்களை விட்டுத் தள்ளி, வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கம்பு விதைத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால்? அவனுக்குக் கல்வெட்டு இல்லை. நாழி அரிசியும் இல்லை. சுக்கும் மிளகும் வேலியோரத்து நொச்சியும், பிறகு குலதெய்வத்துக்கு ஒரு நேர்த்திக்கடனும்தான்.