எதிரணியின் நாடி பிடித்தல்

அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயர், உலகின் பிற நாடுகளில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டத்தைக் குறிப்பதில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்த பதினொருவர் பதினொருவரோடு மோதுகிற ஆட்டமே அங்கு அப்பெயரால் வழங்குகிறது. இவ்வாட்டம் விட்டுவிட்டு நடப்பது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 'டவுன்' எனப்படும் நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும், இல்லையேல் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிட, அடுத்ததற்கு முன் இரு அணிகளும் மறுபடியும் வரிசைகட்டி நிற்கின்றன. இப்படி ஓர் ஆட்டத்தில் அறுபது தடவைக்குக் குறையாமல் தடுப்பு வியூகம் கண்முன் கட்டப்பட்டுக் கலைவதால், அதைப் படம்பிடித்து, வகைபிரித்து, களமிறங்குவதற்கு முன்பே ஆராய்ந்துவைப்பது அங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

1946இல் ஆடத் தொடங்கிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் முதல் தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுன், எதிரணியின் ஆட்டப் படச்சுருள்களை முறையாகப் போட்டுப் பார்த்துத் திட்டம் வகுத்த முன்னோடியாகக் கருதப்படுகிறார். இன்று பயிற்சியாளர்கள் பார்க்கும் படம், ரசிகர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது அன்று. தொலைக்காட்சிக் கேமரா பந்தையே துரத்துவதால் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். பயிற்சியாளர்களுக்கென எடுக்கப்படும் படமோ, அரங்கின் உச்சியிலிருந்து இருபத்திரண்டு பேரையும் ஒருசேரக் காட்டுகிறது. அதை எத்தனையாவது முயற்சி, எத்தனை கஜம் பாக்கி, களத்தின் எந்தப் பகுதி என்று துண்டு துண்டாக நறுக்கி அடுக்கிக்கொள்கிறார்கள். மூன்றாவது முயற்சியில் எட்டு கஜம் பாக்கியிருக்கும்போது இந்த அணி என்ன செய்கிறது என்று கேட்டால், பருவம் முழுவதும் அத்தகைய தருணங்களில் அது செய்தவையெல்லாம் அடுத்தடுத்து ஓடும்.

எதைப் படம்பிடிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2007 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, நியூயார்க் ஜெட்ஸ் அணியின் தடுப்புப் பயிற்சியாளர்கள் கையசைத்துக் காட்டிய சைகைகளை விதியை மீறிப் படமெடுத்ததற்காக, தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5,00,000 டாலரும் அணிக்கு 2,50,000 டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமையொன்றும் பறிபோனது. அடுத்த ஆண்டே, சைகைகளை நம்பியிருக்கத் தேவையில்லாதபடி, தடுப்பு அணியில் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவி பொருத்த, இவ்வணிகள் ஆடும் தொழில்முறை லீக் அனுமதி அளித்தது.

படத்தில் முதலில் தேடப்படுவது ஆட்களின் பகிர்வு. தடுப்பு அணியின் முன்வரிசையில் கனத்த உடம்புக்காரர்கள் எதிரணியின் 'குவாட்டர்பேக்'கை, அதாவது பந்தை வாங்கி எறிவதா கைமாற்றுவதா என்று முடிவெடுக்கும் தலைமை ஆட்டக்காரரை, வளைக்க முயல்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஓட்டத்தையும் எறிதலையும் ஒருங்கே கவனிக்கும் 'லைன்பேக்கர்'கள், ஓரங்களில் 'கார்னர்பேக்'குகள், கடைசிக் காவலாக ஆழத்தில் 'சேஃப்டி'கள். ஆழத்தில் இருவர் நிற்கிறார்களென்றால் முன்னால் ஓர் ஆள் குறைகிறார், ஓடுவதற்கு வழி பிறக்கிறது. ஒருவரே நிற்கிறாரென்றால் நீளமாக எறிவதற்கு இடம் கிடைக்கிறது. இது வெறும் கணக்கு, கற்றுக்குட்டியும் போட்டுவிடலாம்.

கடினமானது அடுத்த கேள்வி. பந்தை வாங்க ஓடும் 'ரிசீவர்'களைத் தடுப்பவர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காக்கிறார்களா, அல்லது களத்தைப் பரப்புகளாகப் பங்கிட்டுத் தத்தம் பரப்புக்குள் வருபவரைக் காக்கிறார்களா என்பதை நின்ற கோலத்தை மட்டும் பார்த்து அறிய முடியாது, ஏனெனில் கடைசி நொடிவரை அதை மறைப்பதே தடுப்பு அணியின் வித்தை. இதற்குத் தாக்கும் அணியிடம் உள்ள கருவி 'மோஷன்': பந்து ஆட்டத்துக்கு வருமுன், விதிகள் அனுமதிக்கும்படி ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பக்கவாட்டில் ஓடவிடுவது. அவரோடு ஒரு தடுப்பாளர் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் ஓடாமல் அனைவரும் ஓரடி நகர்ந்து நின்றால் பரப்புக் காவல். கபடியில் பாடிவருபவர் ஒரு காலை நீட்டி மூலையில் நிற்பவர் பாய்கிறாரா என்று பார்ப்பதைப்போல இது ஒரு சோதனைச் சீண்டல்.

ஆனால் தேர்ந்த பயிற்சியாளர்கள் இதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். நல்ல தடுப்பு அணிகளில் பலவீனம் எளிதில் அகப்படாது. எவ்வளவு சிறந்த அணியிலும் பழக்கம் அகப்படும். பதினொருவர் பேசிக்கொள்ள நேரமின்றி ஒரே சமயத்தில் இயங்கவேண்டியிருப்பதால் 'இப்படி வந்தால் அப்படி நகர்' என்ற விதிகள் அவர்களுக்கு அவசியமாகின்றன. அவ்விதியை அறிந்துகொண்டவர், அது பொருந்தாத இடத்தில் அதைத் தூண்டிவிட முடியும்.

1985 டிசம்பர் 2 அன்று நடந்ததை இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்று வந்த சிகாகோ பேர்ஸ் அணியின் தடுப்புக்கு அப்போது நாடே அஞ்சியது; அதன் தடுப்புப் பயிற்சியாளர் பட்டி ரயன் வகுத்த '46' என்னும் வியூகத்தில் ஆட்கள் முன்னால் குவிந்து குவாட்டர்பேக்கை மூச்சுமுட்டச் செய்வார்கள். மயாமி டால்ஃபின்ஸ் பயிற்சியாளர் டான் ஷூலா மூன்றாவது ரிசீவராக நாட் மூரை உள்பக்கத்தில் நிறுத்தினார். ஆட்களெல்லாம் முன்னால் குவிந்துவிட்டதால், அவரைத் துரத்தும் பொறுப்பு வேகம் குறைந்த தடுப்பாளர்கள் தலையில் விழுந்தது. குவாட்டர்பேக் டான் மரீனோ எறிய எறிய, முதல் பாதியிலேயே மயாமி 31 புள்ளிகளைக் குவித்து, இறுதியில் 38-24 என வென்றது. அந்தப் பருவத்தில் சிகாகோ தோற்ற ஒரே ஆட்டம் அதுதான்.

இதனினும் நுட்பமானது 2023 பிப்ரவரி 12 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் நடந்த 57ஆவது சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதிப்போட்டி. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி எதிர்கொண்ட ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அந்தப் பருவத்தில் 70 'சாக்'குகள் செய்திருந்தது. குவாட்டர்பேக் பந்தை எறியுமுன்னே அவரை வீழ்த்துவதற்குச் சாக் என்று பெயர். 1984இல் சிகாகோ நிறுவிய 72 என்ற சாதனைக்கு அது இரண்டே குறைவு. ஹாசன் ரெடிக், ஜவான் ஹார்கிரேவ், ஜாஷ் ஸ்வெட், பிராண்டன் கிரஹாம் என நால்வர் ஆளுக்குப் பத்துக்கு மேல் சாக் செய்திருந்தனர். ஒரே அணியில் நால்வர் அவ்வாறு செய்தது லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. எண்களை மட்டும் நம்புகிறவர், கணுக்கால் காயத்தோடு ஆடவந்த சீஃப்ஸின் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எப்படிக் காப்பாற்றுவது என்பதிலேயே முழு நேரத்தையும் செலவிட்டிருப்பார்.

தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் குழுவினர் அதையும் செய்தார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் பட்ட வேறொன்று, நான்கு மாதங்களுக்கு முன் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி ஈகிள்ஸிடம் தோற்ற ஆட்டத்தின் படத்தில் இருந்தது. இலக்கெல்லைக்கு அருகே ஜாகுவார்ஸின் ஜமால் அக்னியூ உள்பக்கமாக ஓடுவதுபோலத் தொடங்கி, சட்டென்று திரும்பி ஓரத்துக்கே ஓடியபோது அவரைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. ஜாகுவார்ஸின் பயிற்சியாளர் டக் பீடர்சன் முன்பு ரீடிடம் பணியாற்றியவர் என்பதால், ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம் சுற்றிவந்து குருவிடமே சேர்ந்தது எனலாம். அந்தப் படம் காட்டிய பழக்கம் இதுதான்: களத்தின் குறுக்கே ஒரு ரிசீவர் விரைந்தால், ஈகிள்ஸ் தடுப்பாளர்கள் அவர் மறுபக்கம் போய்ச் சேர்வார் என்று எடுத்துக்கொண்டு, காவல் பொறுப்பைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். இலக்கெல்லை அருகே இடம் குறுகலாக இருப்பதால் தடுப்பாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க அது நியாயமான விதியே. ரிசீவர் பாதி வழியில் திரும்பினால்தான், கைமாறிய பொறுப்பு யார் கையிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

இறுதிப்போட்டியின் இடைவேளையில் 24-14 என ஈகிள்ஸ் முன்னணியில் இருந்தது. கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் 27-21 என்ற நிலையில், ஐந்து கஜத் தொலைவிலிருந்து சீஃப்ஸின் ரிசீவர் கடாரியஸ் டோனி உள்பக்கம் ஓடத் தொடங்கி, நின்று, திரும்பி, வலது ஓரத்தில் தன்னந்தனியாகப் பந்தை வாங்கி எல்லைக்குள் நடந்தார். ஆறு புள்ளிகள் தரும் அந்தச் செயலுக்கு 'டச்டவுன்' என்று பெயர். அடுத்து ஈகிள்ஸ் உதைத்துக் கொடுத்த பந்தை அதே டோனி 65 கஜம் திருப்பிக் கொண்டுவந்தார். உடனே சீஃப்ஸ் அதே வித்தையை இடப்பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப்போட, நான்கு கஜத்திலிருந்து ஸ்கை மூரும் தொட ஆளின்றி எல்லையைக் கடந்தார். கம்பில் செருகிய இறைச்சியைச் சோளமாவில் தோய்த்துப் பொரிக்கும் கார்ன் டாக் என்ற சந்தைத் தின்பண்டத்தின் பெயரையே இந்த நகர்வுக்குச் சூட்டியிருந்தார்கள். அணிகளின் திட்டப் புத்தகங்களில் இத்தகைய குறும்புப் பெயர்கள் ஏராளம்.

ஒருமுறை ஏமாந்த அணி சில நிமிடங்களுக்குள் மறுபடியும் ஏமாந்ததை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பல மாதப் பயிற்சியில் உடம்பில் ஊறிய விதியை, ஆட்ட நடுவில் ஓரிரு வார்த்தைகளால் எடுத்துவிட இயலாது. அவசரமாக எடுத்தால் அது காத்துவந்த வேறு வாசல்கள் திறந்துகொள்ளும். அன்று மஹோம்ஸ் ஒருமுறைகூடச் சாக் செய்யப்படவில்லை; இரண்டாம் பாதியில் பந்து கைக்கு வந்த நான்கு தடவையும் சீஃப்ஸ் புள்ளி எடுத்து, எட்டு விநாடிகள் எஞ்சியிருக்கையில் உதைத்த பந்தால் 38-35 என வென்றது.

ஈகிள்ஸின் தடுப்பை வகுத்தவர் ஜோனதன் கேனன். இரண்டே நாள் கழித்து அவர் அரிசோனா கார்டினல்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்; கார்டினல்ஸின் சொந்த மைதானம், டோனியும் மூரும் காவலின்றி எல்லையைக் கடந்த அதே கிளெண்டேல் அரங்குதான்.