எரிஉலையும் அண்டை வீட்டாரும்

நகரத்துக் குப்பையை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற வினா எழும்போதெல்லாம், ‘எங்கள் பகுதியில் வேண்டாம்’ என்னும் குரலும் உடன் எழுகிறது. அதனைத் தன்னலம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும், குப்பை எரிஉலைக்கு எதிராக மக்கள் கூறும் காரணங்களை ஆராய்ந்தால், அவற்றுட் பல வல்லுநரும் புறக்கணிக்க இயலாதவை என்பது புலனாகும். தலைநகராகிய டில்லியே இதற்குத் தக்க சான்று.

வட டில்லியிலுள்ள திமார்பூரில், 1987-ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் ஓர் எரிஉலை நிறுவப்பெற்றது. நாள்தோறும் 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் பெறுவதே நோக்கம். ஆனால் அது இயங்கியது 21 நாட்களே. காரணம் யாது? ஐரோப்பிய நகரங்களின் குப்பையில் தாளும் அட்டையும் மிகுதி. நம் வீடுகளினின்று வெளியேறுவனவோ காய்கறித் தோலும், மிஞ்சிய சோறும், தெருப்புழுதியும். ஈரவிறகை அடுப்பிலிட்டு ஊதிக் களைத்த எவருக்கும் இதன் விளைவு விளங்கும். வந்து சேர்ந்த குப்பையின் எரிதிறன், உலைக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது.

ஈரக் குப்பையால் மின்சாரம் குறைவது மட்டுமன்று. வேறொரு தீங்கும் உண்டு. குளோரின் அடங்கிய பிளாஸ்டிக் போன்ற பொருள்கள் போதிய வெப்பமின்றி அரைகுறையாக எரியும்போது, டையாக்சின் எனப்படும் நச்சுப் பொருள்கள் தோன்றுகின்றன. இவை உடலின் கொழுப்பில் தங்கி நெடுங்காலம் நீங்காதவை. புற்றுநோய்க்கும் காரணமாகக் கூடியவை. ஆகவேதான், 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், உலையின் வெப்பம் 950 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்றும், ஒரு கன மீட்டர் புகையில் டையாக்சின் வகைகள் 0.1 நானோகிராமுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தன. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய அளவைக் காக்க வேண்டுமாயின், உலை செம்மையாக இயங்குவதோடு, அதை அளப்பவரும் இடையறாது விழித்திருத்தல் வேண்டும். ‘அளப்பவர் யார்? எத்துணை நாட்களுக்கு ஒருமுறை?’ என்று அண்டையில் வாழ்வோர் கேட்பது நியாயமே.

தென் டில்லியில் ஓக்லா என்னுமிடத்தில் நாளொன்றுக்கு 1,950 டன் எரிக்கும் ஆலை திட்டமிடப்பட்டபோது, அருகிலுள்ள சுக்தேவ் விகார் குடியிருப்போர் 2009-இல் உயர்நீதிமன்றத்தை நாடினர். குப்பையிலிருந்து தாளும் தகரமும் பிரித்து விற்று வாழும் தொழிலாளரும், தம் பிழைப்பு தீக்கிரையாகும் என்று எதிர்த்தனர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஆலை எழும்பி, 2012-இல் இயங்கத் தொடங்கிவிட்டது. 2013-இல் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ஆலை 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும், ஆயினும் நிபந்தனைகளுடன் தொடர்ந்து இயங்கலாம். எழும்பிய சுவரை நகர்த்துவது எத்துணை அரிது என்பதை இந்த எட்டாண்டுகள் காட்டுகின்றன.

மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. எரிக்காவிடில் குப்பை மறைந்துவிடுவதில்லை. கிழக்கு டில்லியின் காசிப்பூர்க் குப்பைமேடு 2017 செப்டம்பரில் சரிந்து இருவர் உயிரிழந்தனர். அம்மேட்டின் அடியில் வாழ்வோரும் மக்களே. ஜப்பானிலும் டென்மார்க்கிலும் எரிஉலைகள் நகரங்களுக்குள்ளேயே இயங்குகின்றன. ஆகவே எரிஉலை என்றாலே தீது என்பது முடிவன்று. எதை எரிப்பது என்பதே முதன்மையான வினா. ஈரக் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்து உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றி, விற்கத்தக்கவற்றைத் தொழிலாளரிடம் சேர்த்துவிட்டால், எரிப்பதற்கு எஞ்சுவது சிறு பகுதியே. பெரிய உலையின் தேவையும் அதற்கேற்பக் குறையும்.

இனி, வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. ‘இது உள்ளூரார் விவகாரம், வந்து குடியேறிய நமக்கு என்ன?’ என்று ஒதுங்குவோர் நம்மிற் பலர். புகைக்கு மொழி தெரியாது. வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் அது வேறுபடுத்துவதில்லை. சட்டமும் வேறுபடுத்தவில்லை. இத்தகைய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் முறையை 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்தது. மக்கள் கருத்துரைக்கக் குறைந்தது 30 நாட்கள் அவகாசம் தந்து, வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வெளியிடுமாறு அது பணித்தது. கூட்டத்தில் பேசலாம், எழுத்து மூலமும் கருத்தை அனுப்பலாம். கூறப்பட்டவை பதிவாகி, வட்டார மொழியில் அவையோர்க்குப் படித்துக் காட்டப்பட வேண்டும் என்பதும் அதன் விதி. அங்கே வாக்கெடுப்பு இல்லை. ஆயின் கேட்கப்பட்ட வினா ஏட்டில் நிற்கும்.

இந்தி நாளிதழின் உட்பக்கத்தில் ‘ஜன் சுன்வாயி’ அல்லது ‘லோக் சுன்வாயி’ என்னும் தலைப்பைக் கண்டால், புரியவில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இன் இறுதியில், பவானாவில் நாளொன்றுக்கு 3,000 டன் எரிக்கும் ஆலைக்கான இத்தகைய கூட்டத்தில், சுற்றுப்புறத்துச் சிற்றூர் மக்கள் திரண்டு தம் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். அடித்தளம் இடுவதற்கு முன்னர் முப்பது நாட்களுக்குள் கேட்கும் ஒரு கேள்வி, ஆலை எழுந்தபின் எட்டாண்டு நடத்தும் வழக்கினும் எளிது, பயனும் மிகுதி.