ராத்திரித் தூக்கமும் கணுக்கால் ஊசியும்

ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன் என்று ஆவடி பக்கத்து அண்ணனூரில் ஒருவர் சொன்னால், ‘அக்குபங்சர் பாருங்களேன்’ என்று பதில் சொல்ல இன்று ஆள் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசும் அதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தின் ‘யாங்’ என்னும் சூடு குறைவதால் நீரை அடக்கும் வலு போய்விடுகிறது என்பது சீன மருத்துவத்தின் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்காதவர்கள்கூட ஊசியை ஒதுக்கிவிட முடியாது. உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே சீனர்கள் குத்தும் புள்ளிக்குப் பக்கத்திலேயே, சிறுநீர்ப்பையோடு தொடர்புள்ள ஒரு நரம்பு ஓடுகிறது. மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் ஏறக்குறைய அதே இடத்தில் மெல்லிய ஊசி செருகி, வாரம் ஒருமுறை அரை மணி நேரம், 12 வாரம் லேசான மின்சாரம் கொடுக்கிறார்கள். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 220 பேர் கலந்துகொண்டார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குக் குணம் தெரிந்தது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் சிறுநீர்ப்பை அடங்காமல் துடிப்பவர்கள். ராத்திரி எழுந்திருப்பவர் எல்லோருக்கும் கோளாறு பையில்தான் என்றில்லை. சர்க்கரை, பகலெல்லாம் காலில் தேங்கிப் படுத்ததும் வடியும் நீர், குறட்டையோடு மூச்சு அடைபடுவது, சாயங்காலம் போடும் நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கம் என்று காரணம் வேறுவேறு. மூன்று நாள் முழுக்கச் சிறுநீரை அளந்து ஒரு நோட்டில் எழுதினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அறுபத்தைந்து தாண்டியவருக்கு ஒரு நாளின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே இறங்கினால், உடம்பு அந்த நேரத்தில் அதிகமாக நீரைச் சுரக்கிறது என்று அர்த்தம். பையை அடக்கும் ஊசி அங்கே என்ன செய்யும்?

பக்கவிளைவு இல்லாததுதானே, பார்த்தால் என்ன என்பார்கள். ஊசிக்குப் பெரும்பாலும் அது சரி. ஆனால் ஊசியை நம்பிச் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் மாதங்கள் திரும்ப வராது. சீன மருத்துவத்தில் ஊசியோடு கொடுக்கும் மூலிகைக்கு அந்த வாதமே பொருந்தாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் அரிஸ்டோலோகிக் அமிலம் கலந்திருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அமிலம் உள்ள செடி இனம்தான்.

‘வயசானா அப்படித்தான்’ என்று டாக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார், ஊசி போடுபவர்தான் உட்கார்ந்து கேட்கிறார் என்ற குறை நியாயமானது. அதனால்தான் அந்த நோட்டு அவசியம். மூன்று நாள் கணக்கோடு ஆவடி அரசு மருத்துவமனைக்குப் போய், சர்க்கரையும் புராஸ்டேட்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பைதான் காரணம் என்று தெரிந்தால், போடுகிற மாத்திரையை நிறுத்தாமல், முறையாகப் படித்தவரிடம் ஊசியும் போட்டுக்கொள்ளலாம்.