கூட்டு மென்பொருள் உருவாக்கத்தில் கையொப்பச் சரிபார்ப்பும் வழுப் பதிவேட்டின் எளிமையாக்கமும்: பிஎச்பி நிகழ்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பலர் கூடி உருவாக்கும் மென்பொருளில் ஒரு மாற்றத்தைச் செய்தவர் யார், அது ஏன் செய்யப்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் சான்று தேவைப்படுகிறது. முதல் வினாவிற்கு இலக்கமுறைக் கையொப்பமும் இரண்டாம் வினாவிற்கு வழுப் பதிவேடும் விடை தருகின்றன. பிஎச்பி மொழியின் மூலநிரல் களஞ்சியத்தில் 2021ஆம் ஆண்டு நிகழ்ந்த ஊடுருவலையும், அதே ஆண்டில் அம்மொழியின் வழுப் பதிவேடு இடம்மாறியதையும் கொண்டு இவ்விரு சான்றுகளின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிட், கமிட், இலக்கமுறைக் கையொப்பம், வழுப் பதிவேடு, பிஎச்பி, திறமூல மென்பொருள்.

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, ஆய்விதழ்கள் பலவற்றைத் தாங்கும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் ஆகிய இரண்டும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டவை. எனவே அம்மொழியின் மூலநிரலில் நுழையும் ஒரு தீய வரி, நிரலாளர்களை மட்டுமன்றி ஆய்வுலகையும் பாதிக்கக்கூடியது. இப்பின்னணியில் மூலநிரல் மாற்றங்களின் நம்பகத்தன்மை எவ்வாறு உறுதிசெய்யப்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

மாற்றப் பதிவும் பெயரும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய கிட் என்னும் கருவியில் ஒவ்வொரு மாற்றமும் ‘கமிட்’ என்னும் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. கோப்புகளின் நிலை, முந்தைய பதிவின் அடையாளம், எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், காலம், விளக்கச் செய்தி ஆகியன அதில் அடங்கும். இவற்றுள் பெயரும் மின்னஞ்சலும் பயனர் தம் கணினியில் தாமே இட்டுக்கொள்பவை. கிட் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. ஒருவர் வேறொருவரின் பெயரை இட்டுப் பதிவு செய்தாலும் கருவி அதனை அப்படியே ஏற்கும். ஆகவே கமிட்டில் காணும் பெயர் ஒரு கூற்றே, சான்றன்று.

பிஎச்பி நிகழ்வு

இக்குறையின் விளைவு 2021 மார்ச் 28 அன்று வெளிப்பட்டது. பிஎச்பி திட்டம் தானே நடத்திவந்த கிட் வழங்கியில் இரு தீய கமிட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒன்று மொழியைத் தோற்றுவித்த ரஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயரையும், மற்றொன்று முதன்மைப் பங்களிப்பாளர் நிகிதா போபோவின் பெயரையும் தாங்கியிருந்தன. எழுத்துப்பிழைத் திருத்தம் என்பதே முதல் கமிட்டின் விளக்கம். உண்மையில் அது, ‘யூசர்-ஏஜென்ட்’ என்னும் தலைப்புவரியின் இறுதி எழுத்தை இரட்டித்து உருவாக்கிய போலித் தலைப்புவரியின் வழியே, வழங்கியில் எந்த நிரலையும் இயக்க வழிசெய்யும் பின்வாசலாகும். சக நிரலாளர்களின் மீள்பார்வையில் அது சில மணி நேரத்திலேயே கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. எந்த வெளியீட்டிலும் இடம்பெறவில்லை.

முதல் கமிட்டின் செய்தியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்னும் வரியும் இருந்தது. லினக்ஸ் திட்டத்தில் 2004இல் வழக்கிற்கு வந்த இவ்வரி, பங்களிப்பின் உரிமை குறித்த உறுதிமொழி மட்டுமே. வெறும் எழுத்தாகிய அதனை எவரும் தட்டச்சிடலாம். கையொப்பம் போன்று தோன்றுவதும் கையொப்பமும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது.

வழங்கியே ஊடுருவப்பட்டதாக முதலில் கருதப்பட்டது. கடவுச்சொல்லைக் கொண்டு எச்டிடிபிஎஸ் வழியே கமிட்டுகள் அனுப்பப்பட்டதும், பயனர் தரவுத்தளம் கசிந்திருக்கக்கூடும் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. திட்டக் குழு தன் வழங்கியைக் கைவிட்டு, கிட்ஹப் களஞ்சியத்தையே மூலக் களஞ்சியமாக்கியது. பங்களிப்பாளர்களுக்கு இருபடி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று.

கையொப்பச் சரிபார்ப்பு

2012இல் வெளிவந்த கிட் 1.7.9 பதிப்பு தனித்தனிக் கமிட்டுகளில் ஜிபிஜி கையொப்பமிட வழிசெய்தது. 2021இல் வந்த 2.34 பதிப்பு எஸ்எஸ்எச் திறவுகோல்களையும் ஏற்றது. எழுதுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள தனித் திறவுகோலால் கமிட்டின் முழு உள்ளடக்கத்திற்கும் கையொப்பமிடுகிறார். பிறர் அவரது பொதுத் திறவுகோலைக் கொண்டு அதனைச் சரிபார்க்கின்றனர். பின்னர் ஓர் எழுத்து மாறினும் சரிபார்ப்பு தோல்வியுறும். கையொப்பம் கட்டாயமாக இருந்து, அறியப்பட்ட திறவுகோல்கள் மட்டுமே ஏற்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் ஒன்றை மட்டும் கொண்டு லெர்டார்ஃபின் பெயரில் நிரலைச் சேர்க்க இயன்றிராது.

எனினும் சில நுட்பங்கள் கருதத்தக்கவை. கமிட்டுகளை மறுவரிசைப்படுத்தினாலோ ஒன்றாகச் சுருக்கினாலோ புதிய கமிட்டே உருவாகிறது. பழைய கையொப்பம் அதற்குச் செல்லாது. கிட்ஹப் தளத்தின் இணைய இடைமுகத்தில் இணைக்கப்படும் கமிட்டுகளில் அந்நிறுவனத்தின் திறவுகோலே கையொப்பமிடுகிறது. ஆகவே ‘சரிபார்க்கப்பட்டது’ என்னும் குறியைக் கண்டவுடன் அது எவருடைய திறவுகோல் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

வழுப் பதிவேட்டின் எளிமையாக்கம்

யார் என்பது உறுதியான பின்னும் ஏன் என்பது எஞ்சுகிறது. பிஎச்பி நெடுங்காலம் தனக்கெனத் தனி வழுப் பதிவேட்டை நடத்தியது. வழு ஓரிடத்திலும் அதன் திருத்தம் மற்றோரிடத்திலும் விவாதிக்கப்பட்டன. பதிவேட்டைப் பேணும் சுமையும் கூடுதலாயிற்று. 2021 நவம்பரில் புதிய வழுக்களைக் கிட்ஹப்பிலேயே பதிவதென முடிவாயிற்று. பாதுகாப்பு வழுக்கள் மட்டும் மறைவாகக் கையாளப்பட வேண்டியிருந்ததால் பழைய பதிவேட்டிலேயே தொடர்ந்தன. இம்மாற்றத்தால் வழுவின் எண்ணைக் கமிட்டின் செய்தியில் குறித்தால் இரண்டும் தாமே இணைகின்றன. திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் வழுவும் முடிவடைகிறது. காரணமற்ற திருத்தம் ஒன்று வரின், அது மீள்பார்வையாளரின் கண்ணில் எளிதில் படும்.

கையொப்பத்தின் எல்லை

கையொப்பம் நேர்மைக்குச் சான்றாகாது. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் யூட்டில்ஸ் பின்வாசல் இதற்குத் தக்க சான்று. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளை, நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர் ஒருவரே தம் திறவுகோலால் கையொப்பமிட்டு வெளியிட்டார். கையொப்பம் மெய்யானது, உள்ளடக்கமோ தீயது. அதனை வெளிக்கொணர்ந்தது கையொப்பச் சரிபார்ப்பன்று. உள்நுழைவில் ஏற்பட்ட சிறு தாமதத்தின் காரணத்தைத் தேடிச் சென்ற ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டு என்னும் பொறியாளரின் ஐயமே.

முடிவுரை

கமிட்டில் காணும் பெயர் கூற்று. கையொப்பம் அக்கூற்றிற்குச் சான்று. வழுப் பதிவேடு அம்மாற்றத்தின் காரணத்திற்குச் சான்று. பிஎச்பி நிகழ்வு முதலிரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டையும், எக்ஸ்இசட் நிகழ்வு கையொப்பத்தின் எல்லையையும் காட்டுகின்றன. இரு நிகழ்வுகளிலும் தீங்கைக் கண்டறிந்தவர் மனிதரே. எனவே சரிபார்ப்பையும் பதிவேட்டையும் எளிமையாக்குவதன் பயன், படித்துப் பார்ப்பவரின் கவனத்தை உரிய இடத்தில் குவிப்பதேயன்றி, அக்கவனத்திற்கு மாற்றாவதன்று.